விண்ணில் ஒரு வேலைநாள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் பக்தியும் பேச வல்லவர்கள் வந்து பேசுவது வழக்கம். இவ்வாண்டு, பிள்ளைகளுக்குப் பயன்படும் வகையில் விஞ்ஞானம் பற்றி ஒருவர் பேச வேண்டும் என்று செயற்குழுவில் முடிவாயிற்று. அப்பொறுப்பு எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது. நான் மெட்ரிக்குலேஷன் தேறியதோடு ஏட்டுப் படிப்பை நிறுத்திக்கொண்டவன். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எடை பார்த்து, ரசீது எழுதி, கணக்கில் பதியும் குமாஸ்தா. ராக்கெட்டுக்கும் உனக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு. அது என் வீட்டுச் சமையற்கட்டில் தொடங்கிற்று. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். ஆடி மாதத்தில் ஓர் இரவு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அருகில் வந்து அமர்ந்தாள். “அப்பா, கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தேர்வு எழுதலாம் என்றிருக்கிறேன். விமானப் படையில் சேர வேண்டும். என்றாவது ஒருநாள் விண்வெளிக்கும் போக வேண்டும். எழுதட்டுமா?” என்று கேட்டாள். நான், “பார்க்கலாம், அம்மா” என்றேன்.

“பார்க்கலாம்” என்பதன் பொருள் இங்கே அமர்ந்திருக்கும் தகப்பன்மார் அனைவருக்கும் தெரியும். “கூடாது” என்று சொல்லத் துணிவில்லாதவன், “சரி” என்று சொல்ல மனமும் இல்லாதபோது சொல்லும் சொல் அது. மறுநாளும் கேட்டாள், மறுநாளும் “பார்க்கலாம்” என்றேன். மூன்றாம் நாள் அவள் வேறொரு கேள்வி கேட்டாள். “அப்பா, அங்கே போய் அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியவில்லை. ராக்கெட்டில் ஏறுவார்கள், மிதப்பார்கள், கொடியைக் காட்டிக் கையசைப்பார்கள், இறங்கி வந்து மாலை வாங்கிக்கொள்வார்கள். நான் அறிந்தது அவ்வளவே. தெரியாத ஒன்றை மறுப்பது எளிது. ஆனால் தெரிந்துகொள்ளாமலே மறுப்பது நேர்மையன்று என்று மனம் உறுத்தியது. அன்று முதல் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படித்தறிந்ததை உங்கள் முன் ஒப்புவிக்கிறேன். பிழையிருந்தால் கற்றோர் பொறுத்தருள வேண்டும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். சர்வதேச விண்வெளி நிலையம் என்ற பெரிய கூடம் பூமியைச் சுற்றி வருகிறது. பல நாடுகள் கூடிக் கட்டியது அது. 2000-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அதில் குடியேறியது முதல், மனிதர் இல்லாமல் அது ஒரு நாளும் இருந்ததில்லை. அதன் உயரம் சுமார் 400 கிலோமீட்டர். நம் புனேயிலிருந்து மும்பைக்கு ரயில் பாதை 192 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் 384. ஏறக்குறைய அவ்வளவுதான் உயரம். ஆனால் வேகம் மட்டும் நம் கணக்குக்குள் அடங்காது. டெக்கான் குவீன் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிக் கடக்கும் அந்த 192 கிலோமீட்டரை அந்நிலையம் 25 விநாடிகளில் கடந்துவிடும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவிடுவதால், அங்கிருப்பவர்கள் ஒரு நாளில் 16 சூரிய உதயங்களைக் காண்கிறார்கள்.

அங்கே ஏன் மிதக்கிறார்கள்? பூமியின் இழுப்புச் சக்தி அங்கே இல்லாமையால் என்று நான் எண்ணியிருந்தேன். அது தவறு. அவ்வுயரத்திலும் நாம் இங்கு உணரும் இழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கவே செய்கிறது. சிங்ககட் கோட்டையின் உச்சியிலிருந்து ஒரு பீரங்கிக் குண்டைச் சுடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சுட்டால் அடிவாரத்தில் விழும். இன்னும் வேகமாகச் சுட்டால் பல ஊர்களைத் தாண்டி விழும். காற்றின் தடை இல்லாத உயரத்தில், விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் விட்டால், குண்டு விழ விழப் பூமியும் உருண்டையாக வளைந்து விலகிக்கொண்டே போகும். குண்டு விழுந்துகொண்டே இருக்கும். தரையை மட்டும் தொடாது. விண்வெளி நிலையமும் அவ்வாறே விழுந்துகொண்டிருக்கிறது. அதனுள்ளிருப்பவர்களும் அதனோடு சேர்ந்து விழுகிறார்கள். கூட விழும் மனிதருக்குக் கனம் தெரிவதில்லை.

கனம் தெரியாத இடத்தில் நாம் கண்ட உலகமே மாறிவிடுகிறது. தண்ணீர் வழியாது, உருண்டையாகத் திரண்டு மிதக்கும். சூடான காற்று மேலே எழாது. கலங்கிய நீரில் மண் அடியில் தங்காது. உடம்பைத் தாங்கும் வேலை கால்களுக்கு இல்லாமையால் தசை மெலிகிறது, எலும்பு வலுவிழக்கிறது. ஆகவே நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் தேகப் பயிற்சி செய்தாக வேண்டும். மண்ணில் செய்ய முடியாத பரிசோதனைகளை அங்கே செய்யலாம் என்பதற்காகவே விஞ்ஞானிகள் அவ்விடத்தை நாடுகிறார்கள்.

அங்கே முதலில் போன நம்மவர் ராகேஷ் சர்மா. 1966-இல் அவர் பயிற்சி மாணவராகச் சேர்ந்த இடம் எது தெரியுமா? நாம் குடிக்கும் தண்ணீர் எந்தக் கடக்வாஸ்லாவிலிருந்து வருகிறதோ, அதே கடக்வாஸ்லாவிலுள்ள அகாடமிதான். 1984-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி, மாலிஷேவ், ஸ்திரெகாலொவ் என்ற இரு சோவியத் வீரர்களுடன் சோயுஸ் கலத்தில் புறப்பட்டு, சால்யூட்-7 என்ற நிலையத்தில் தங்கி, 11-ஆம் தேதி பூமிக்குத் திரும்பினார். அவரும் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. நம் நாட்டு நிலப்பரப்பைப் பல நிற ஒளிகளில் படம் பிடிக்கும் பணி அவருக்கு இருந்தது. கனமற்ற நிலையில் உடல் படும் பாட்டை யோகாசனம் தணிக்குமா என்று தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். உலோகங்களை உருக்கி ஆராயும் பரிசோதனைகளும் அப்பயணத்தில் இடம்பெற்றன.

அதன்பின் 41 ஆண்டுகள் கழித்து, 2025-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி, சுபான்ஷு சுக்லா அமெரிக்காவின் கென்னடி விண்வெளித் தளத்திலிருந்து புறப்பட்டார். சர்வதேச விண்வெளி நிலையத்தில் அடியெடுத்து வைத்த முதல் இந்தியர் அவரே. லக்னோவில் பிறந்தவர், அவரும் கடக்வாஸ்லா மாணவர். நம் ககன்யான் திட்டத்துக்கென 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நால்வர் பெயரை அரசு அறிவித்ததே, அந்நால்வரும் அங்கே பயின்றவர்களே. அவர்களுள் அஜித் கிருஷ்ணன் நம் சென்னையில் பிறந்தவர். நம் வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில் இவ்வளவு நடந்திருக்க, நான் அதனை அறியாதவனாகவே இத்தனை ஆண்டுகள் இருந்துவிட்டேன்.

சுக்லா அவர்கள் நிலையத்தில் தங்கியது 18 நாள். அந்த நால்வர் குழுவுக்கு அளிக்கப்பட்ட பரிசோதனைகள் 60. அவற்றுள் ஏழு நம் நாட்டு விஞ்ஞானிகள் வகுத்தவை. தாய்மார்கள் மகிழும்படி ஒன்றை முதலில் சொல்கிறேன். தார்வாட்டிலிருந்து வெந்தயமும் பச்சைப் பயறும் விண்ணுக்குப் போயின. தண்ணீர் ஊற்றி முளைகட்ட வைத்து, நாள்தோறும் படமெடுத்து, பிறகு கடுங்குளிர்ப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். நம் அடுக்களையில் ஈரத் துணியில் முடிந்து வைக்கும் அதே வேலைதான். ஆனால் மேலெது, கீழெது என்று தெரியாத இடத்தில் வேர் எப்பக்கம் போகும், முளையில் சத்துக் கூடுமா குறையுமா என்பவை அங்கே கேள்விகள். கேரள வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து நெல், காராமணி, தக்காளி, கத்தரி, எள் ஆகிய விதைகளும் சென்று திரும்பின. அவற்றை இங்கே விதைத்துத் தலைமுறை தலைமுறையாக ஆராய்வது நோக்கம்.

மற்றொன்று தசை பற்றியது. பெங்களூரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்தது. கனமற்ற நிலையில் தசை ஏன் விரைவில் மெலிகிறது, மீண்டும் வளர்வதைத் தடுப்பது எது என்று அறிய, தசையின் மூல உயிரணுக்களைக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். நோயில் படுத்த படுக்கையாகி உடல் மெலியும் முதியோர்க்கும் இவ்வாராய்ச்சி ஒருநாள் பயன்படக்கூடும். இவையன்றி, கண்ணுக்குப் புலப்படாத பாசிகள் அங்கே உணவாகவும் பிராணவாயுவுக்கு மூலமாகவும் பயன்படுமா என்பதும், நீர்க்கரடி என்னும் நுண்ணுயிர் எவ்வளவு தாங்கும் என்பதும், கணினித் திரையைக் கூர்ந்து நோக்கும்போது கண்ணும் மூளையும் எவ்வாறு இயங்குகின்றன என்பதும் ஆராயப்பட்டன.

இவ்வேலைகளைச் செய்யும் முறையைக் கேளுங்கள். ஒரு துளி மருந்து சிந்தினாலும் அது மிதந்து எங்கேயாவது போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மூடிய பெட்டிக்குள் கையுறை பொருத்தி, அதனுள் கையை நுழைத்து வேலை செய்கிறார்கள். ஐந்து நிமிட வேலைக்கும் எழுதி வைத்த முறை உண்டு. அதனை வரி வரியாகப் படித்துச் செய்ய வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது என்று குறிக்க வேண்டும். காலையில் எழுவது முதல் இரவில் உறங்குவது வரை நிமிடக் கணக்கில் அட்டவணை. படிக்கும்போது எனக்கு நம் ரயில்வேயின் கால அட்டவணையும் வேலைப் பதிவேடும் கண்முன் வந்து நின்றன.

விஞ்ஞானப் பணி ஒரு பாதி. எஞ்சினியர் பணி மறு பாதி. அது வெறும் ஆய்வுக்கூடமன்று, வாழும் வீடு. வீடென்றால் குழாய் அடைக்கும், விசிறி நிற்கும், கழிவறை பழுதாகும். கொத்தனாரும் வரார், குழாய்க்காரரும் வரார். பயணிகளே எல்லாம். மூச்சில் கலக்கும் ஈரமும் வியர்வையும் சிறுநீரும் வீணாவதில்லை; சுத்தம் செய்து மீண்டும் குடிநீராக்குகிறார்கள். அங்கே பயன்படும் நீரில் 98 சதவிகிதம் வரை இவ்வாறு மீட்க முடிந்ததாக 2023-இல் நாசா அறிவித்தது. கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும்போது நாம் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

1990-இல் விண்ணில் நிறுத்திய ஹப்பிள் தொலைநோக்கியின் கதை இன்னும் வியப்பானது. அதன் பெரிய ஆடி, தலைமயிரின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத் தவறாகச் செதுக்கப்பட்டிருந்தது. படமெல்லாம் மங்கல். 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் வீரர்கள் போய், ஐந்து நாள் மாறி மாறி வெளியே இறங்கி, தடித்த கையுறையோடு திருகாணிகளைக் கழற்றி மாட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போடுவதுபோல் அதனைச் சரிசெய்து திரும்பினார்கள். அதன்பின் அது பல்லாண்டுகளாக அனுப்பிய தெளிவான படங்களை நம் பிள்ளைகள் பாடப் புத்தகங்களில் பார்க்கிறார்கள்.

இதுவரை வேலையைச் சொன்னேன். இனி என் அச்சத்தைச் சொல்ல வேண்டும். அதை மறைத்துவிட்டு வீரம் பேசினால் என் மகளே என்னை நம்ப மாட்டாள்.

கல்பனா சாவ்லாவை நாம் யாரும் மறக்கவில்லை. கர்னாலில் பிறந்த அப்பெண், 2003-ஆம் ஆண்டு கொலம்பியா ஓடத்தில் சென்றார். அறுவருடன் சேர்ந்து, இரவு பகல் என இரு பிரிவாக முறை வைத்து, 16 நாளில் சுமார் 80 பரிசோதனைகளைச் செய்து முடித்தார். பிப்ரவரி முதல் தேதி, தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது ஓடம் சிதறிற்று, எழுவரும் மாண்டனர். அன்று நான் வாலிபன். தொலைக்காட்சியில் அப்பெண்ணின் சிரித்த முகத்தைப் பார்த்து என் தாயார் அழுதது நினைவிருக்கிறது. “பார்க்கலாம், அம்மா” என்று நான் சொன்னபோது என் மனத்தில் நின்றது அந்த முகந்தான்.

அவ்விபத்தின் காரணத்தை இப்போதுதான் படித்தேன். புறப்பட்ட 82-ஆம் விநாடியில், வெளித் தொட்டியிலிருந்து கழன்ற நுரைக் கட்டியொன்று இடப்புறச் சிறகில் மோதியது. படச்சுருளில் அதனைப் பார்த்த எஞ்சினியர்கள் இருந்தார்கள். சிறகைக் கூர்ந்து படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அக்கோரிக்கை நிறைவேறவில்லை. விசாரணைக் குழு இதனைத் தன் அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறது.

ரயில்வே குடும்பத்தாராகிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நிற்காமல் ஓடும் வண்டியை நிலைய ஊழியர் ஏன் நின்று பார்க்கிறார்? இந்நாளில் ரயில் மேலாளர் என்று பெயர் மாறியுள்ள நம் கார்டும் நிலையத்தாரும் பச்சைக் கொடி காட்டி “ஆல் ரைட்” சொல்லிக்கொள்வது ஏன்? அச்சு சூடேறிப் புகைகிறதா, எதேனும் தொங்குகிறதா என்று பார்க்கத்தானே! பார்த்தால் மட்டும் போதாது. சிவப்புக் கொடியைக் காட்டவும் வேண்டும். காட்டினால் வண்டியை நிறுத்தவும் வேண்டும்.

இங்கே என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் வேறோர் ஊரில் இருந்தேன். ஒருநாள் வண்டி புறப்படும் நேரத்தில் வந்த ஒரு பெட்டியின் மூலையில் ஈரம் கண்டேன். சீட்டில் துணி என்று எழுதியிருந்தது. கேட்டால் வண்டி தாமதமாகும், மேலே உள்ளவர் கடிந்துகொள்வார் என்று அஞ்சி, “நல்ல நிலையில் உள்ளது” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். உள்ளே இருந்தது திராவகம். பக்கத்திலிருந்த மூட்டைகளெல்லாம் கருகிப் போயின. தீப்பிடிக்காதது தெய்வச் செயல். தண்டனை சிறிதாகவே கிடைத்தது. ஆனால் அந்த ஈரத்தை என் கண் பார்த்தது. என் கை அதனை மறைத்தது. இன்றளவும் அதை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவேதான், சுக்லா அவர்களின் பயணத்தில் நடந்த ஒரு செய்தியைப் படித்தபோது என் உள்ளம் நிமிர்ந்தது. 2025-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி அவர் புறப்பட வேண்டியது. ராக்கெட்டைச் சோதித்தபோது திரவப் பிராணவாயு கசிவது தெரிந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த வேளை அது. ஆயினும் பழுதை முழுவதும் நீக்கிச் சோதித்த பிறகே வீரர்கள் ஏற வேண்டும் என்று நம் இஸ்ரோ குழு வற்புறுத்தி நின்றது. புறப்பாடு தள்ளிவைக்கப்பட்டது. அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இஸ்ரோவின் தலைவர் நாராயணன். கன்னியாகுமரி மாவட்டத்தில் மேலக்காட்டுவிளை என்ற சிற்றூரில் பிறந்து, ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்து, உறைகுளிர் எஞ்சின் துறையில் வல்லவரானவர். பின்னர் நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கசிவின் காரணமாகவும் நாள் தள்ளிப்போயிற்று. கடைசியில் 25-ஆம் தேதி புறப்பட்டார்கள். ஜூலை 15-ஆம் தேதி பசிபிக் கடலில் நலமாக வந்திறங்கினார்கள். இரண்டு வாரக் காத்திருப்பைப் பற்றி இன்று யார் கவலைப்படுகிறார்கள்?

காத்திருக்காமையின் விலையை நம் புனே நகரம் அறியும். முற்றும் கட்டி முடியுமுன் நீர் தேக்கிய பான்ஷேத் அணை 12-7-1961 அன்று உடைந்தது. அந்த வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் உடைய, நகரமே மூழ்கிற்று. அந்நாளைய பெரியோர் இன்றும் அதனைச் சொல்லக் கேட்கிறோம்.

நம் நாட்டு ககன்யான் ராக்கெட்டுக்கான உறைகுளிர் எஞ்சினைத் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் சோதித்தார்கள். மனிதர் பயணம் செய்வதற்கு ஏற்றது என்று சொல்லுமுன் நான்கு எஞ்சின்களை 39 முறை எரித்துப் பார்த்தார்கள். வேண்டிய அளவு 6,350 விநாடி. அவர்கள் எரித்தது 8,810 விநாடி. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் அச்சோதனை முடிந்தது. சுனிதா வில்லியம்ஸ் கதையும் இத்தகையதே. சுமார் எட்டு நாள் பயணமாக 2024 ஜூன் மாதம் சென்றார். சென்ற கலத்தில் வாயுக் கசிவும் உந்து கருவிகளில் பழுதும் கண்டதால், அக்கலத்தை ஆளில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டு, வேறு கலத்தில் 286 நாள் கழித்தே அவரைக் கொண்டுவந்தார்கள். அத்தனை நாளும் அவர் சும்மா இருக்கவில்லை. பரிசோதனைகள் செய்தார், நிலையத்துக்கு வெளியே இறங்கிப் பழுது பார்த்தார்.

இவற்றையெல்லாம் படித்தபின் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. விண்வெளி வேலை சாகசக்காரர் வேலையன்று. கவனமாகப் பார்ப்பவர், பார்த்ததை உள்ளபடி எழுதுபவர், தவறு கண்டால் அஞ்சாமல் சொல்பவர் செய்யும் வேலை. அபாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், உண்டு. ஆனால் அந்த அபாயத்தைக் குறைப்பதே அங்குள்ளவர்களின் அன்றாடத் தொழில்.

இனி என் மகளின் கேள்விக்கு வருகிறேன். பெண் பிள்ளைக்கு இது ஏற்குமா என்று கேட்டவர்கள் உண்டு. சுக்லா சென்ற கலத்தின் தலைவி பெக்கி விட்சன். அமெரிக்காவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, உயிர் வேதியியல் படித்தவர். விண்ணில் அவர் கழித்த நாட்கள் மொத்தம் 695. நம் கடக்வாஸ்லாவில் 2022-இல்தான் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தார்கள். 2025-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி 17 பெண்கள் பயிற்சி முடித்து அணிவகுத்து வெளிவந்தார்கள். எனவே கதவு திறந்துதான் இருக்கிறது. தேர்வு கடினம், தேறுவோர் சிலர், அவர்களுள் விமானிகள் சிலர், அவர்களுள் விண்ணுக்குப் போகிறவர் ஓரிருவர். இதையும் என் மகளிடம் மறைக்கவில்லை. “தெரியும், அப்பா. போக முடியாவிட்டால் போகிறவர்களுக்கு எஞ்சின் செய்வேன்” என்றாள்.

என் மனைவி மட்டும், “பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா?” என்று கேட்டாள். இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர். என் தகப்பனார் வேலை தேடிப் புறப்பட்ட அரக்கோணம் இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். விண்ணைவிட அரக்கோணந்தான் தூரம்! பாஷை தெரியாமல், ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய பதினெட்டு வயதுப் பிள்ளை அவர். அவரை அனுப்பிய என் பாட்டியார் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் “பார்க்கலாம்” என்று சொல்லியிருந்தால் இன்று நாங்கள் இங்கே இல்லை. இக்காலனியில் எந்த வீட்டைக் கேட்டாலும் இதே கதைதான்.

நம் தமிழில் யாரையும் “போ” என்று சொல்லி அனுப்புவதில்லை. “போய் வா” என்கிறோம். போவது ராக்கெட்டின் வேலை. ஆனால் 39 முறை எஞ்சினை எரித்துப் பார்ப்பதும், கசிவு கண்டு நிறுத்துவதும், கலத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதும் “வா” என்ற சொல்லுக்காகச் செய்யப்படுபவை. என் பாட்டியார் சொன்னதும் அதுவே. அவர்களும் அதற்காகவே பாடுபடுகிறார்கள் என்று அறிந்த பிறகு எனக்கு மறுக்கக் காரணமில்லை. அன்றிரவே மகளை அழைத்து, “எழுது, அம்மா” என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து என்னருகில் அமர்ந்தாள். தேறுவாளா, தேறமாட்டாளா என்பது அவள் உழைப்பையும் தெய்வத்தையும் பொறுத்தது.

முடிக்குமுன் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். நம் வாசகசாலையில் கதைப் புத்தகங்கள் நிறைய உள்ளன. விஞ்ஞானம் பற்றிய தமிழ் நூல்களுக்கென்று ஓர் அலமாரி ஒதுக்க வேண்டுகிறேன். முதல் தவணையாக என் பங்கு ஐந்நூறு ரூபாயைச் செயலாளரிடம் இப்போதே கொடுக்கிறேன். இரண்டாவது, மாதம் ஒரு ஞாயிறு மாலை, லோகோ ஷெட்டிலும் தொழிற்சாலையிலும் சிக்னல் பிரிவிலும் பணிபுரிந்து ஓய்வு பெற்ற நம் பெரியவர்கள் பிள்ளைகளை உட்காரவைத்துத் தம் வேலையை விளக்க வேண்டும். பழுது பார்க்கத் தெரிந்த கைகள் நம்மிடமே எத்தனையோ இருக்கின்றன.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பெரிய ஆசை ஒன்றைச் சொல்லிக்கொண்டு சமையற்கட்டு வாசலில் வந்து நிற்கும்போது, உடனே பதில் சொல்ல வேண்டாம். அந்த வேலை இன்னதென்று முதலில் கேட்டு அறியுங்கள். அறிந்தபின் மறுப்பதானால் மறுங்கள். ஆனால் என்னைப்போல் அறியாமலே “பார்க்கலாம்” என்று சொல்லிவிடாதீர்கள்.